தாத்தா வீட்டுக் குழுவில் ஒரு கப்பல்

இரவு 8:04
தம்பி (மாண்ட்ரியல்): 📷 புகைப்படம்

தம்பி: லீவுக்கு ரிமூஸ்கி பக்கம் வந்திருக்கிறோம். வீட்டிலிருந்து ஆறு மணி நேர டிரைவ். இந்த இடத்துக்குப் பெயர் புவாந்த்-ஓ-பேர். ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பழைய நீர்மூழ்கி, மூழ்கிப்போன ஒரு கப்பலுக்காக ஒரு மியூசியம். அவ்வளவுதான் ஊர்.

அம்மா: சாப்பிட்டாயா?

பெரியப்பா: ஏலே, டைட்டானிக் அங்கேயா முங்கியது?

தம்பி: டைட்டானிக் இல்லை பெரியப்பா. எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து. 1914 மே 29. அது போய் இரண்டு வருடம் கழித்து இது.

சித்தி: கேள்விப்பட்டதே இல்லையே.

தம்பி: நானும் இன்று காலைவரை கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் பயணிகளை மட்டும் எண்ணினால் டைட்டானிக்கைவிட இதில்தான் அதிகம் பேர் போயிருக்கிறார்கள். 840. கப்பல் ஆட்களையும் சேர்த்தால் 1,012. கப்பலில் இருந்ததே 1,477 பேர்தான்.

மாமா (நெல்லை): நடுக்கடலிலா?

தம்பி: கடலே இல்லை மாமா, ஆறு! செயிண்ட் லாரன்ஸ். ஆனால் இங்கே நின்று பார்த்தால் அக்கரை தெரியவில்லை. நம் ஆள் யாரும் இதை ஆறு என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

சித்தி: பனிப்பாறையா?

தம்பி: இல்லை சித்தி. மூடுபனி. எதிரே நிலக்கரி ஏற்றிக்கொண்டு வந்த நார்வே கப்பல், ஸ்டோர்ஸ்டாட். ராத்திரி 1:55-க்கு எம்ப்ரஸின் வலது விலாவில் இடித்துவிட்டது. 14 நிமிடம்தான். முங்கிவிட்டது.

மாமா: பதினாலா? டைட்டானிக் இரண்டரை மணி நேரம் தாங்கியதே.

தம்பி: அதுதான் கொடுமை. டைட்டானிக்குக்கு அப்புறம் எல்லோருக்கும் போதுமான உயிர்காக்கும் படகு வைத்திருந்தார்கள். ஆனால் கப்பல் சாய்ந்துவிட்டதால் ஒரு பக்கத்துப் படகுகளை இறக்கவே முடியவில்லை. நாலைந்து படகுதான் ஒழுங்காக இறங்கியது.

பெரியப்பா: நிலக்கரிக் கப்பல் முழு பாரத்தோடு வந்திருக்கும். பனிக்கட்டியில் போகிற கப்பல் என்றால் மூக்கும் கெட்டியாக இருக்கும். இடித்தால் தகரத்தைக் கிழித்த மாதிரிதான். அதற்காக 14 நிமிடமா? வேறு ஏதோ இருக்கிறது.

தம்பி: இருக்கிறது பெரியப்பா. காற்று வரட்டும் என்று கீழ் அறைகளின் வட்ட ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். கப்பல் வலது பக்கம் சாய்ந்ததும் அந்த வழியாகவும் தண்ணீர். உள்ளே தண்ணீரைத் தடுக்கிற கதவுகளை மூட நேரமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கும் போய்விட்டது.

பெரியப்பா: அதைச் சொல்லு.

பெரியம்மா: தூங்கினவர்கள் தூங்கினபடியே போயிருப்பார்கள் 🙏

தம்பி: ஆமாம் பெரியம்மா. முந்தின நாள் சாயங்காலம்தான் கியூபெக்கில் ஏறியிருக்கிறார்கள். எந்தப் படி எங்கே போகிறது என்றுகூடப் பழகவில்லை. 138 குழந்தைகள். பிழைத்தது 4.

இரவு 8:31
அத்தை (நெல்லை): 🎵 குரல் பதிவு (0:09)

அத்தை: தப்பாக அழுத்திவிட்டேன்.

நான்: கப்பல் ஆட்கள் எத்தனை பேர் பிழைத்தார்கள்?

தம்பி: 420-இல் 248. பயணிகள் 1,057-இல் 217 பேர்தான்.

சித்தி: பார்த்தாயா, முதலில் ஓடிவிட்டார்கள்.

பெரியப்பா: அப்படிச் சொல்லாதே. ராத்திரி ஷிப்டில் இருந்தவன் விழித்திருப்பான், வழியும் தெரியும். முப்பது வருடம் தூத்துக்குடி துறைமுகத்தில் கிடந்தவன் சொல்கிறேன். கப்பலில் கண்ணை மூடி நடக்கத் தெரிந்தவனுக்கும் நேற்று ஏறியவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

தம்பி: கப்பல் டாக்டர் ஒருவர் ஜன்னலில் பாதி உடம்பு மாட்டிக்கொண்டு, வெளியே நின்றவர்கள் இழுத்து எடுத்திருக்கிறார்கள். கப்பல் படுத்துவிட்டதால் அதன் பக்கவாட்டே தரை மாதிரி ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் அதன்மேல் நின்றிருக்கிறார்கள். அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. பிழைத்த பிறகு அந்த டாக்டர் ஸ்டோர்ஸ்டாட்டில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்தாராம்.

பெரியம்மா: இடித்த கப்பலிலா?

தம்பி: ஆமாம். நிறைய பேரைக் காப்பாற்றியதே அந்தக் கப்பல்தான். அதன் கேப்டனுடைய மனைவியும் கூட வந்திருந்தார். நனைந்து வந்தவர்களுக்குத் தன் துணிமணிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பெரியம்மா: பாவம் அந்த அம்மா.

தம்பி: சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் நூற்றைம்பதுக்கு மேல் இதில் வந்திருக்கிறார்கள், லண்டன் மாநாட்டுக்குப் போக. பாண்டு வாத்தியக் குழுவோடு. பெரும்பாலும் எல்லோரும் போய்விட்டார்கள்.

அத்தை: இரட்சணிய சேனையா? நம் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்காரர்களா?

தம்பி: அதே சபைதான் அத்தை. இவர்கள் கனடாக்காரர்கள்.

இரவு 9:10
மாமா: இவ்வளவு பேர் செத்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

தம்பி: செத்தவர்களில் 584 பேர் மூன்றாம் வகுப்பு மாமா. பேர் சொன்னால் தெரிகிற ஆட்கள் குறைவு. லாரன்ஸ் இர்விங் என்று ஒரு நாடக நடிகர், அவர் மனைவி, இப்படிச் சிலர்தான். சரியாக ஒரு மாதத்தில் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள். அப்புறம் உலகப் போர். பேப்பரில் இதற்கு இடம் ஏது?

சித்தி: கேப்டன் செத்தானா?

தம்பி: இல்லை சித்தி, 1965 வரை இருந்தார். ஹென்றி கெண்டல். உங்களுக்காகவே ஒரு சங்கதி இருக்கிறது. 1910-இல் லண்டனில் மனைவியைக் கொன்ற வழக்கில் போலீஸ் தேடிய டாக்டர் கிரிப்பன், காதலிக்குப் பையன் வேஷம் போட்டுக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினான். அப்பாவும் மகனுமாம். அந்தக் கப்பலுக்குக் கேப்டன் இதே கெண்டல்தான். சந்தேகப்பட்டு வயர்லெஸ்ஸில் தகவல் கொடுத்தார். ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் வேகமான கப்பலில் முந்தி வந்து, ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட் வேஷத்தில் ஏறிப் பிடித்தார். எங்கே தெரியுமா?

சித்தி: எங்கே?

தம்பி: இந்த ஊருக்கு எதிரே. நான் நிற்கிற இடம்.

சித்தி: 😳 அவன் விட்ட சாபம்தான்!

மாமா: ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு இது நாலு குரூப்பில் வரும்.

இரவு 9:26
பெரியப்பா: சாபம் கிடக்கட்டும். இரண்டு கப்பலும் ஒன்றையொன்று பார்த்ததா இல்லையா?

தம்பி: பார்த்தது பெரியப்பா. பனி மூடுவதற்கு முன்னாலேயே. கப்பலுக்கு வலது பக்கம் பச்சை விளக்கு, இடது பக்கம் சிவப்பு. கெண்டல், பச்சை விளக்குக்குப் பச்சை விளக்கு, வலது பக்கமாக விலகிப் போகிறோம் என்று நினைத்தார். ஸ்டோர்ஸ்டாட் அதிகாரி, நான் பார்த்தது சிவப்பு, அது இடது பக்கம் என்றார். நடுவில் பனி வந்துவிட்டது. கெண்டல் இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டு மூன்று தடவை சங்கு ஊதினார். ஸ்டோர்ஸ்டாட்டில் கப்பலின் மூக்கை வலப்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

பெரியப்பா: பனியில் திருப்பினானா?

தம்பி: கேப்டனையும் உடனே கூப்பிடவில்லை. டைட்டானிக்கை விசாரித்த அதே மெர்சி பிரபுதான் இதற்கும். தப்பு ஸ்டோர்ஸ்டாட் மேல் என்று சொல்லிவிட்டார்.

மாமா: நார்வேக்காரன் சும்மா இருந்தானா?

தம்பி: அவர்கள் தனியாக விசாரித்து, எங்கள் கப்பல் மேல் தப்பில்லை என்றார்கள். எம்ப்ரஸ்தான் குறுக்கே திரும்பியது என்பது அவர்கள் கட்சி.

மாமா: 😂 அவரவர் ஊர் பஞ்சாயத்து.

அம்மா: மணியைப் பார்த்தீர்களா? தம்பி, போய்ச் சாப்பிடு. மியூசியத்திலேயே நிற்கிறாய்.

இரவு 11:48
பெரியப்பா: 📷 புகைப்படம்

பெரியப்பா: இரண்டு தீப்பெட்டியை மேஜையில் வைத்துப் பார்த்தேன். பச்சைக்குப் பச்சை என்று வைத்து, நார்வேக்காரனை வலப்பக்கம் திருப்பினால் எம்ப்ரஸின் வலது விலாவில் இடிக்கிறது. சரி என்று, சிவப்புக்குச் சிவப்பு வைத்து எம்ப்ரஸை இடப்பக்கம் திருப்பினேன். அப்போதும் அதே வலது விலாதான். ஓட்டை ஒரே இடத்தில் விழுகிறது. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன்.

தம்பி: பெரியப்பா!! 👏 இன்னும் தூங்கவில்லையா?

பெரியம்மா: பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், இதையும் இதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தீப்பெட்டியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். காலையில் விளக்கேற்றத் தேடுவேன்.