முதல் காராக ஹைப்ரிட்: புதிது வாங்குவதா, சால்வேஜ் டைட்டில் வண்டியா?

வேலை விசாவில் அமெரிக்கா வந்து சேர்ந்தவர்களுக்கு, அதிலும் டெக்சஸ் போன்று பேருந்து வசதி குறைந்த மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு, முதல் மாதத்திலேயே கார் வாங்கியாக வேண்டிய நெருக்கடி வந்துவிடுகிறது. சந்தை விலையைவிடக் கால்பங்கோ மூன்றிலொரு பங்கோ குறைவாக டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸ் ஒன்று கண்ணில் படுவதும், "டைட்டில் மட்டும்தான் சால்வேஜ், மற்றபடி வண்டி பிரமாதம்" என்று விற்பவர் சொல்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். டைட்டில் என்பது வண்டியின் உரிமைப் பத்திரம்; பெரும் சேதத்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி என்று அதில் விழும் முத்திரைதான் சால்வேஜ். பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் கொண்ட ஹைப்ரிட் நல்ல தேர்வுதான். ஆனால் சால்வேஜ் ஹைப்ரிட்டை முதல் காராக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஹைப்ரிட் தேவையா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டொயோட்டா கொரோலாவின் பெட்ரோல் வகை கேலனுக்கு ஏறத்தாழ 35 மைலும், அதன் ஹைப்ரிட் வகை 50 மைலும் தருகின்றன. விலை வேறுபாடு சுமார் 1,500 டாலர். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய 100 கேலன் மிச்சமாகும். கேலன் 3 டாலருக்குக் கிடைக்கும் ஊரில் அந்த 1,500 டாலரை மீட்க ஐந்து ஆண்டுகள் ஆகும். நாலரை டாலர் கொடுக்க வேண்டிய ஊரில் மூன்றே கால் ஆண்டு போதும். வீட்டிலிருந்தே வேலை செய்து, வாரம் ஒருமுறை இந்தியக் கடைக்கும் கோவிலுக்கும் மட்டும் போய்வருபவருக்கு இந்தக் கணக்கு எளிதில் கட்டுப்படியாகாது. 2025 மாடலிலிருந்து டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டாக மட்டுமே வருவதால், அந்தக் காரைப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

எப்போது வாங்குவது என்பதற்கு, வந்தவுடன் வேண்டாம் என்பதே என் பதில். இங்கே கடன் வரலாறு இல்லாதவருக்கு வட்டி விகிதம் கடுமையாக இருக்கும். கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தைக் காட்டும் ஃபைகோ மதிப்பெண் உருவாகவே குறைந்தது ஆறு மாதக் கணக்கு வேண்டும். ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்டிவந்து, அதுவரை உடன் வேலை செய்பவர்களுடன் காரைப் பகிர்ந்துகொண்டோ வாடகைக் காரிலோ சமாளித்தால், அதே காருக்கு மொத்தத்தில் குறைவாகவே செலவழிப்பீர்கள். சில வங்கிகள் கடன் தவணைக் காலத்தை உங்கள் விசா முடியும் தேதிக்குள் அடக்கப் பார்ப்பதால், புதுப்பித்தல் நெருங்கியிருப்பவர்கள் அது முடிந்தபின் விண்ணப்பிப்பது நல்லது. அரசு வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்: பிளக் செய்து மின்னேற்றும் வண்டிகளுக்கான மத்திய வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் வண்டிகளுக்கு இல்லை, சாதாரண ஹைப்ரிட்டுக்கு அந்தச் சலுகை எப்போதுமே இருந்ததில்லை.

இனி சால்வேஜ் பற்றி. விபத்திலோ வெள்ளத்திலோ சேதமான வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு அதன் மதிப்போடு ஒப்பிடுகையில் மிக அதிகம் என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால், அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு ஏலத்துக்கு அனுப்பிவிடும். அந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்: நியூயார்க்கில் மதிப்பின் 75 சதவீதம், டெக்சஸில் 100 சதவீதம். அதாவது நியூயார்க்கில் சால்வேஜ் ஆகும் ஒரு வண்டி, அதே சேதத்தோடு டெக்சஸில் முத்திரை இல்லாத கிளீன் டைட்டிலோடு ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே டைட்டிலில் இருக்கும் முத்திரையை மட்டும் வைத்துச் சேதத்தின் அளவை ஊகிக்க முடியாது. முத்திரையை மறைப்பதற்காகவே வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்பவர்களும் உண்டு. இதைத் தடுக்கவே அமெரிக்க அரசின் நீதித்துறையின் கீழ் என்எம்விடிஐஎஸ் என்ற தேசிய டைட்டில் தரவுத்தளம் இயங்குகிறது. சில டாலர் கொடுத்து வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை அதில் சரிபார்க்கலாம். அதே எண்ணைக் கூகுளில் தேடினால், ஏலத்தின்போது எடுத்த படங்கள் பல நேரம் அகப்படும். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட எனக்கு அந்தப் படங்கள் மீதுதான் நம்பிக்கை அதிகம்.

பெட்ரோல் காரை விட ஹைப்ரிட்டில் ஆபத்து கூடுவதற்குக் காரணம் அதன் பேட்டரி இருக்கும் இடம். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மாட்யூல்கள் (தனித்தனி பேட்டரித் துண்டுகள்) கொண்ட, 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட பேட்டரி பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. பின்னாலிருந்து இடிபட்ட வண்டியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பது வெளியே தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பரில் சென்னையில் கார் மூழ்கக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹூஸ்டனில் 2017-இல் ஹார்வி புயலுக்குப் பிறகும் அதே கதைதான். இணைப்புகளில் புகுந்த நீர், குறிப்பாக உப்பு நீர், மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். பேட்டரியில் ஒரு மாட்யூலை மட்டும் மாற்றிக் கொடுத்து "புது பேட்டரி" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். மற்றவையும் அதே வயதுடையவை என்பதால், சில மாதங்களில் அடுத்தது பழுதாகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உத்தரவாதம். 2020 மாடலிலிருந்து டொயோட்டா தன் ஹைப்ரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் தருகிறது. வண்டி முழு இழப்பாக அறிவிக்கப்பட்டாலோ சால்வேஜ் டைட்டில் பெற்றாலோ அது செல்லாது. சில ஆயிரம் டாலர் பெறும் பாதுகாப்பை இழந்துதான் அந்தத் தள்ளுபடியைப் பெறுகிறீர்கள். பல வங்கிகள் சால்வேஜ் வண்டிகளுக்குக் கடன் தருவதில்லை. பல காப்பீட்டு நிறுவனங்கள் எதிர்த்தரப்புக்கான காப்பீட்டை மட்டுமே தருகின்றன. ஊருக்குத் திரும்பும்போது அவசரமாக விற்க வேண்டிவந்தால், நீங்கள் பெற்ற தள்ளுபடியை அடுத்தவரும் கேட்பார். விபத்துக்குப் பின் மலிவான மாற்று ஏர்பேக் பாகங்கள் பொருத்தப்பட்ட வண்டிகளில் உயிரிழப்புகள் நேர்ந்ததாக நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2024-இல் எச்சரித்ததையும் குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் மறக்கக் கூடாது.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. ஆலங்கட்டி மழையில் மேற்கூரை மட்டும் நெளிந்த வண்டி என்று ஏலப் படங்களிலேயே தெரிந்து, ரொக்கமாக வாங்க முடிந்து, அது வீட்டின் இரண்டாவது காராகவும் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் விற்பவருக்குத் தொடர்பில்லாத, ஹைப்ரிட் பழகிய மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டெக்சஸில் சொந்த வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை 2025-இல் நீக்கப்பட்டுவிட்டதால், அரசு ஆண்டுதோறும் சோதித்திருக்கும் என்ற ஆறுதலும் இப்போது இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, கிளீன் டைட்டிலோடு 2020-க்குப் பிந்தைய பழைய ஹைப்ரிட். ஆறேழு ஆண்டு இங்கேயே இருப்பது உறுதியானால் புதிதே வாங்கிவிடுங்கள். விலை குறைவு என்பதற்காக 2010 முதல் 2015 வரையிலான பிரியஸ் பக்கம் போகிறவர்கள், புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் பாதை கரி படிந்து அடைபடுவதையும் ஹெட் கேஸ்கெட் என்ற இன்ஜின் அடைப்புத் தகடு போவதையும் பற்றி மெக்கானிக்கிடம் தனியாகக் கேளுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திருடுபவர்களுக்குப் பழைய பிரியஸ் வண்டிகள் மீது தனிப் பிரியம் உண்டு. ரீகால் வேலைகள் (குறை கண்டு நிறுவனமே இலவசமாகச் செய்துதரும் பழுதுநீக்கம்) முடிந்தனவா என்று என்எச்டிஎஸ்ஏ தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். டீலரின் ஷோரூமில் கையெழுத்திட்டு வாங்கிய காரை மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை.

டெக்சஸில் தனியாரிடம் வாங்கினால், டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கவுண்டி (மாவட்ட) வரி அலுவலகத்துக்கே போய் டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, 6.25 சதவீத விற்பனை வரியையும் அங்கேயே கட்ட வேண்டும் என்பதால், பேரம் பேசும்போதே அதைத் தொகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.