ரேடான் வாயுவும் இதய நோயும்: விவரம் அறிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம். அயோவா மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் நிலவறையில் மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அளவு, ஒரு லிட்டர் காற்றுக்கு 7 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) எனச் சோதனையில் தெரியவந்துள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 4 பிக்கோகியூரியை எட்டினாலே வீட்டைச் சீர்செய்யச் சொல்வதால், தரைக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றும் குழாயும் விசிறியும் பொருத்த ஏற்பாடு செய்துவிட்டோம்; என் கேள்வி அதைப் பற்றியதன்று.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துள்ள என் மாமனார் பல ஆண்டுகளாக அந்த நிலவறையில்தான் உறங்குகிறார். ரேடான் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. இதய, இரத்தக் குழாய் நோய்களைப் பொறுத்தவரை அத்தகைய தெளிவு இல்லை: ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் இதய நோய் இறப்புகளுடன் தெளிவான தொடர்பு காணப்படவில்லை; ஆனால், மாதவிடாய் நின்ற அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வு, ரேடான் மிகுந்த பகுதிகளில் வசித்தோருக்குப் பக்கவாத அபாயம் சுமார் 14 விழுக்காடு கூடுதல் என்கிறது. (வீடுவீடாக அளக்காமல் வட்டாரச் சராசரியைக் கொண்டு கணித்தது அதன் பெரிய பலவீனம் என்பது என் கருத்து.)

இங்குள்ள இதய மருத்துவர்களோ கதிரியக்கப் பாதுகாப்புத் துறையினரோ அருள்கூர்ந்து கூறுங்கள்: இந்த அளவை அவருடைய மருத்துவரிடம் தெரிவித்துக் கூடுதல் பரிசோதனை கேட்பதில் பொருளுண்டா? குழாய் பொருத்தி, மறுசோதனை முடியும்வரை அவரை மாடிக்கு மாற்றிவிடுவது மட்டும் போதுமா?