பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்லலாம்: உங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் எப்படி வந்தது?

மஞ்சக்குப்பத்துக்காரி:
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெயர் பதிகிற வேலை எனக்கு. கொஞ்சம் வயதானவர்கள் என்றால் பெயரை வைத்தே எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடுவேன், ஏனென்றால் இங்கே முக்கால்வாசியும் கோயில் பெயர்தான். கோகிலா என்றால் வில்லியனூரா என்று கேட்பேன், திருக்காமீஸ்வரர் கோயில் அம்பாள் கோகிலாம்பாள், கோகிலம் என்றால் குயில். செங்கமலவல்லி திருவந்திபுரத் தாயார், அம்புஜம் ஸ்ரீமுஷ்ணம். சிவகாமிக்கு ஊர் சொல்லவே வேண்டாம்.

போன வாரம் விருத்தாசலத்துப் பாட்டி ஒருவர் வந்தார், பெயர் விருத்தாம்பாள். கூட வந்த பேத்தி, "பொறந்தப்பவே கிழவின்னு பேர் வெச்சிருக்காங்க" என்று சிரித்தாள். பாட்டி விடவில்லை. குரு நமசிவாயர் என்ற துறவி பசியோடு வந்து அம்மனைக் கிழத்தி என்று பாடினாராம், கிழவி எப்படிச் சோறு கொண்டு வருவாள் என்று அம்மன் கேட்க, அவர் இளையவளாக மாற்றிப் பாட, சின்னப் பெண்ணாகவே சோற்றோடு வந்தாளாம். அதனால்தான் அதே கோயிலில் பாலாம்பிகையும் இருக்கிறாள் என்றார். பேத்தி பெயரில் எண்கணிதத்துக்காகக் கூடுதல் எழுத்துகள், எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பண்ருட்டியான்:
எங்கள் அம்மா திலகவதி. அப்பரின் அக்கா திருவாமூரில் பிறந்து திருவதிகைக் கோயிலில் தொண்டு செய்தவர் என்பதால் எங்கள் பக்கம் இந்தப் பெயர் நிறைய. நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோக, தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவர். பெண் குழந்தைக்குப் போய் இவ்வளவு சோகமான பெயரா என்று பெரியம்மா முணுமுணுத்தாராம். "தம்பிய ஆளாக்குனவ பேருடி" என்று ஆயா வாயை அடைத்துவிட்டார். அம்மாவும் என் மாமாவை இன்றுவரை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் பெயரைவிட எழுத்துக்கூட்டல்தான் கூத்து. 1954-இல் பிரெஞ்சுக்காரர் போனாலும் 'உ'வுக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடும் பழக்கம் போகவில்லை. அமுதா சித்தியை வெளியூர் வங்கியில் "அமௌதா" என்று கூப்பிட்டார்கள், அவரும் எழுந்து போய்விட்டார்.

மஞ்சக்குப்பத்துக்காரி:
சரி, ஓர் உதவி. நாத்தனாருக்குப் பெண் பிறந்திருக்கிறது, ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு-வில்தான் வேண்டுமாம். வடிவாம்பிகை என்றேன், பழசு என்கிறார்கள். வேறு அம்மன் பெயர் இருந்தால் சொல்லுங்கள், வர்ஷா மட்டும் வேண்டாம், தெருவில் ஏற்கெனவே நிறைய பேர்.