கிடங்கு மென்பொருளிலும் ஈஆர்பியிலும் இருப்பு ஒத்துவரவில்லை: மென்பொருளை மாற்றுவதா, இணைப்பைச் சரிசெய்வதா?

கிடங்குப்பொறுப்பு (கேள்வி)

வணக்கம். எங்கள் கிடங்கில் தனி டபிள்யூஎம்எஸ் (கிடங்கு மேலாண்மை மென்பொருள்) ஓடுகிறது. கொள்முதல், விற்பனை, கணக்கு எல்லாம் ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில். நடுவில் ஒரு மிடில்வேர் இரண்டுக்கும் செய்தி கொண்டுபோகிறது. தினமும் இரவு இரு பக்க இருப்பையும் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) வாரியாக ஒப்பிட்டு ரிப்போர்ட் எடுக்கிறோம். நேற்று 43 வரிகளில் வித்தியாசம். எண்ணிக்கையை நேராக மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் போட்டுச் சரிசெய்தால் இரண்டே நாளில் வேறு பொருட்களில் திரும்ப வந்து நிற்கிறது.

ஈஆர்பியோடு அதன் ஒரு பகுதியாகவே வரும் கிடங்கு மாட்யூலுக்கே மாறிவிடலாம், இணைப்பே தேவைப்படாது என்கிறது மேலிடம். அது சரியாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் மாறினால் அங்கேயும் இதே கதைதானோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

இணைப்புவேலை

முதலில் அட்ஜஸ்ட்மென்ட் போடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடயத்தை அழிக்கிறது.

அப்புறம் அந்த 43 வரிகளையும் ஒரு தாளில் வைத்து, வித்தியாசத்தின் அளவை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கம் கூடுதல்? கூடுதல் அளவு ஏதாவது ஒரு வரவு ரசீதின் அளவோடு அப்படியே பொருந்துகிறதா? பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கையின் மடங்காக வருகிறதா? மொத்தம் சரியாக இருந்து பேட்ச் மட்டும் மாறியிருக்கிறதா? மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள். ரிப்போர்ட் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கள். வேலை நடக்கும் நேரத்தில் எடுத்தால், வழியில் இருக்கும் செய்திகள்கூட வித்தியாசமாகத் தெரியும்.

கிடங்குப்பொறுப்பு

நன்றி, நேற்று முழுக்க இதைத்தான் செய்தேன். ரிப்போர்ட் கடைசி ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் ஓடுகிறது.

31 வரிகளில் ஈஆர்பி பக்கம் கூடுதல். ஒவ்வொன்றும் ஒரு வரவின் அளவேதான்! எல்லாமே பெரிய வரவுகள். சின்ன வரவுகளில் ஒன்றுகூட இல்லை. 6 வரிகளில் வித்தியாசம் இரண்டின் மடங்கு. மீதி 6 வரிகளில் மொத்தம் சரி, பேட்ச் எண் வேறு. டபிள்யூஎம்எஸ்ஸில் 447117270331 என்று ஒரு பேட்ச், ஈஆர்பியில் 4471172703. பெட்டியில் அச்சடித்திருப்பதோ வெறும் 4471.

இணைப்புவேலை

31 வரிகள் இரட்டைப் பதிவு, சந்தேகமே வேண்டாம். பெரிய வரவைப் பதிய ஈஆர்பிக்கு நேரம் பிடிக்கிறது. மிடில்வேர் குறிப்பிட்ட நொடிகள் காத்திருந்து, பதில் வராததால் தோல்வி என்று முடிவு செய்து அதே செய்தியை மறுபடி அனுப்புகிறது. ஈஆர்பி முதல் செய்தியையும் பதிந்து, இரண்டாவதையும் பதிகிறது.

டைம்அவுட்டை, அதாவது அந்தக் காத்திருக்கும் நேரத்தை, கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் ஒரு மாதம் அமைதியாக இருக்கும், இன்னும் பெரிய வரவு வரும் நாளில் திரும்ப வரும். நிஜத் தீர்வு, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாள எண். ஈஆர்பி பதியும் முன் இந்த எண்ணை ஏற்கெனவே பார்த்தோமா என்று தேட வேண்டும். பார்த்திருந்தால் பதியாமல், பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். அந்த எண் டபிள்யூஎம்எஸ்ஸிலேயே பிறக்க வேண்டும் என்பது முக்கியம். மிடில்வேர் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் போட்டால் எல்லாம் வீண். லாக்கில் (செய்திகளின் பதிவேட்டில்) ஒரு இரட்டைப் பதிவை எடுத்து, இரண்டு முறையும் ஒரே எண்தானா என்று பாருங்கள்.

இரண்டின் மடங்குக்கு, பெட்டி அளவைப் பாருங்கள். ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் 10 என்று இருக்கும். சப்ளையர் பேக்கிங்கை மாற்றியிருப்பார், ஈஆர்பியில் திருத்தியிருப்பார்கள். பல இணைப்புகளில் புதுப் பொருள் மட்டும்தான் அடுத்த பக்கம் போகும், பழைய பொருளின் திருத்தம் போகாது.

ஸ்கேனர்மேசை

அந்த பேட்ச் எண்ணுக்கு நான் பதில் சொல்கிறேன். 43இல் வெறும் 6 வரிதானே என்று விட்டுவிடாதீர்கள், என் கணக்கில் இதுதான் மிக ஆபத்தானது.

447117270331ஐப் பிரித்துப் பாருங்கள்: 4471, 17, 270331. பெட்டியில் இருப்பது ஜிஎஸ்1-128, பல தகவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பார்கோடு. அதில் 10 என்ற முன்னெண்ணுக்குப் பின் வருவது பேட்ச், 17க்குப் பின் வருவது காலாவதித் தேதி. தேதிக்கு எப்போதும் 6 இலக்கம். உங்களுடையது 2027 மார்ச் 31. பேட்ச்சுக்கு நிலையான நீளம் கிடையாது, 20 எழுத்து வரை போகலாம். அதனால் பேட்ச் முடிந்தது என்று சொல்ல நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி வரும், கணினி எழுத்துக் குறியீட்டில் ஆஸ்கி 29. உங்கள் ஸ்கேனரோ திரையோ அந்தக் குறியை விழுங்கிவிடுகிறது. டபிள்யூஎம்எஸ் எல்லாவற்றையும் ஒரே பேட்ச் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. ஈஆர்பியில் அந்தப் புலத்துக்கு 10 எழுத்துதான் இடம் போலிருக்கிறது, கடைசி இரண்டு வெட்டுப்பட்டுவிட்டன.

இப்போது அந்தப் பெட்டிகளுக்கு டபிள்யூஎம்எஸ்ஸில் காலாவதித் தேதியே இருக்காது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே என்ற விதி அவற்றைத் தொடாது. ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொன்னால், 4471 என்று தேடினால் கிடைக்காது. எல்லா ஸ்கேனரிலும் நடக்கிறதா, சிலவற்றில் மட்டுமா என்று பாருங்கள். சிலவற்றில்தான் என்றால் அவற்றின் அமைப்பில், இந்தப் பிரிப்புக் குறி போன்ற ‘கட்டுப்பாட்டு எழுத்துகளை அனுப்பு’ என்ற தேர்வு அணைந்திருக்கும்.

தேர்வுக்குழு

மாட்யூலா, தனி டபிள்யூஎம்எஸ்ஸா என்ற கேள்விக்கு வருகிறேன். இருப்பு ஒரே தரவுத்தளத்தில் இருந்தால் இரட்டைப் பதிவுக்கு வாய்ப்பு குறையும், உண்மை. பார்கோடு கோளாறும் பெட்டி அளவும் எங்கே போனாலும் கூடவே வரும். ஒரே மென்பொருளுக்குள் இருந்தால் செய்தியே போகாது என்றும் எண்ண வேண்டாம். எஸ்ஏபி நிறுவனத்தின் கிடங்கு மென்பொருளான ஈடபிள்யூஎம்மை அதன் ஈஆர்பியான எஸ்4ஹானாவுக்குள்ளேயே வைத்தாலும் டெலிவரி ஆவணங்கள் வரிசையில் நின்றுதான் போகின்றன. அடைத்துக்கொண்டால் எஸ்எம்க்யூ2 என்ற வரிசைத் திரையில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஈஆர்பி நின்றாலும் கிடங்கு ஓடியே ஆக வேண்டுமா, கன்வேயர் போன்ற இயந்திரங்கள் இருக்கின்றனவா, ஒன்றுக்கு மேற்பட்ட ஈஆர்பிக்குச் சரக்கு வைக்கிறீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் தனி டபிள்யூஎம்எஸ் பக்கம்தான் நான் நிற்பேன். வரவு, அடுக்குதல், எடுத்தல் மட்டும்தான் என்றால் மாட்யூலே போதும்.

எதை வாங்கினாலும் வெண்டரின் மாதிரித் தரவில் டெமோ பார்க்காதீர்கள். உங்களுடைய மிக மோசமான ஒரு நாளின் தரவைக் கொடுங்கள்: பாதி வந்த சரக்கு, உடைந்த பெட்டி, எடுத்த பிறகு ரத்தான ஆர்டர். வரவை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தியதும் நெட்வொர்க்கைத் துண்டிக்கச் சொல்லுங்கள். திரும்ப இணைந்தபின் இருப்பு என்ன ஆகிறது என்று அவர் அங்கேயே காட்ட வேண்டும்.

கிடங்குப்பொறுப்பு (மூன்று வாரம் கழித்து)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மிடில்வேர் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண்தான் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது டபிள்யூஎம்எஸ் எண்ணே கடைசி வரை போகிறது, ஈஆர்பியில் சோதனையும் வைத்தாயிற்று. பெட்டி அளவு நீங்கள் சொன்ன அதே 12, 10. பேட்ச் கோளாறு புதிதாக வாங்கிய ஸ்கேனர்களில் மட்டும். ஒரு வாயிலில்தான் அவற்றைக் கொடுத்திருந்தோம். நேற்றைய ரிப்போர்ட்டில் 2 வரிதான், இரண்டும் காரணம் தெரிந்தவை. மாட்யூல் பேச்சை ஆண்டு இருப்புக் கணக்கெடுப்பு முடியும்வரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி. தவறான பேட்ச்சோடு ரேக்கில் இருக்கும் பழைய பெட்டிகளை எப்படித் திருத்துவது? இரண்டு பக்கமும் தனித்தனியாக மாற்றலாமா?

ஸ்கேனர்மேசை

வேண்டாம். முதலில் அந்தப் பெட்டிகளை எடுக்க முடியாதபடி டபிள்யூஎம்எஸ்ஸில் தடை போடுங்கள். திருத்திய ஸ்கேனரோடு ரேக்குக்குப் போய் ஒவ்வொரு பெட்டியையும் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். பேட்ச் மாற்றத்தை டபிள்யூஎம்எஸ்ஸில் மட்டும் பதியுங்கள், ஈஆர்பிக்கு அது இணைப்பு வழியாகவே போகட்டும். முதலில் ஒரு பேலட்டுக்கு மட்டும் செய்து, அன்றிரவு ரிப்போர்ட்டில் அந்த வரி மறைகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.