கிளீவ்லாந்து ஆராதனை: போட்டி அறையில் ஒரு காலை

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கர்நாடக இசை மேதை தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனை விழாவுக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் மாலைக் கச்சேரிகளைப் பற்றித்தான் சொல்கிறார்கள். யார் என்ன பல்லவி பாடினார், தனி ஆவர்த்தனம் எப்படி இருந்தது, இதெல்லாம். நான் இளம் பாடகர் போட்டி நடக்கும் அறைகளைப் பற்றிச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் விழாவின் ருசியே அங்கேதான்.

நாங்கள் இருப்பது டிட்ராய்ட் பக்கம், காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஈஸ்டரை ஒட்டி விழா. வசந்தம் என்று பெயர்தான், ஈரி ஏரியிலிருந்து வரும் காற்று காதை அறுக்கும், சமயத்தில் பனியும் கொட்டும். தொண்டையை நம்பி வருகிற பிள்ளைகள் பாவம். ஓட்டல் தாழ்வாரத்தில் நடந்தால் ஒரு கதவுக்குப் பின்னால் கல்யாணி ராகம், அடுத்த கதவுக்குப் பின்னால் பைரவி. லிஃப்டில் ஃபிளாஸ்கும் கையுமாக ஒரு அம்மா, “பேசாதே, குரல் போயிடும்” என்று பையனை அதட்டிக்கொண்டிருப்பார்.

1978ல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சிறு கூட்டமாகத் தொடங்கியது இந்த விழா. இப்போது கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் நாள் கணக்கில் நடக்கிறது. அமெரிக்கா, கனடா எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வருகிறார்கள்.

என் மகளின் பிரிவு மதியம்தான். அதனால் காலையில் பெரிய பிள்ளைகள் பாடும் அறையில் போய் உட்கார்ந்தேன். சாதாரண வகுப்பறை. மேசைக்குப் பின்னால் நடுவர்கள், ஒரு சுருதிப் பெட்டி, அவ்வளவுதான். பாவாடை தாவணியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பட்டியலைப் பார்த்து நடுவர் ‘கொலுவமரெகதா’வைக் கேட்டார். தியாகராஜர் கீர்த்தனை, தோடி ராகம். பெண் நன்றாகவே பாடினாள், பாடாந்தரம், அதாவது குருவிடம் கற்ற வழி, சுத்தம், தாளம் பிசகவில்லை. நடுவர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார்.

“நன்னா பாடினேம்மா. இப்போ சாஹித்யம் வேண்டாம். காந்தாரத்தை மட்டும் பாடு.” பாட்டின் வரிகளை விட்டு, மூன்றாவது ஸ்வரமான ‘க’வை மட்டும் கேட்டார்.

பாடினாள்.

“அசைக்காமப் பாடு.”

கொஞ்சம் யோசித்து, நேராக நிறுத்திப் பாடினாள்.

“அப்படியே எல்லா ஸ்வரத்தையும் அசைக்காமப் பாடிண்டு போ.”

பாடப் பாட அவள் முகமே மாறிவிட்டது. “சிந்துபைரவி ராகம் மாதிரி இருக்கு மாமா” என்றாள்.

“அதானே, ஸ்வரம் எல்லாம் அதேதான். தோடி எங்கே போச்சு?”

அறையே சிரித்தது. அப்புறம் அவரே தோடியின் சாயல் தெரிகிற சின்னச் சின்னப் பிடிகள் இரண்டு மூன்றை மெதுவாகப் பாடிக் காட்டினார். காந்தாரம் ஓரிடத்தில் நிற்கவில்லை. முந்தைய ஸ்வரமான ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, அடுத்த ஸ்வரமான மத்யமத்தை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அந்த அசைவில்தான் தோடி இருக்கிறது. தன்னார்வலர் கடிகாரத்தைக் காட்டினார், நடுவர் கண்டுகொள்ளவில்லை. பல வருஷமாகத் தோடி கேட்கிறேன். அன்று கேட்ட மாதிரி எந்த மேடைக் கச்சேரியிலும் கேட்டதில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் ஆறடி தூரத்தில் கேட்டால் கமகத்தின், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதன், நெளிவு அவ்வளவு தெளிவாகக் காதில் விழுகிறது.

எல்லாமே இப்படி இனிப்பாக இருக்காது. முடிவு அறிவித்ததும் தாழ்வாரத்தில் ஒரு அப்பா தன்னார்வலரைப் பிடித்துக்கொண்டு, மார்க் எப்படிப் போட்டார்கள் என்று அரை மணி நேரம் வாதாடினார். பக்கத்தில் நின்ற அவர் பையன் ஷூவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் தோல்வியைச் சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடுகிறார்கள், பெற்றோருக்குத்தான் அடுத்த வருஷம் வரை ஆறுவதில்லை.

சாப்பாடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சென்னையில் மேடையில் மட்டுமே பார்த்திருந்த ஒரு மிருதங்க வித்வான் சாம்பார் சாத வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார். என் மகள் கூச்சமே இல்லாமல், “மிஸ்ர சாபு தாளம் எனக்கு ஓடிப்போயிடுது அங்கிள்” என்றாள். அவர் காகிதத் தட்டைத் திருப்பிப் பிடித்து, “தகிட, தகதிமி” என்று தட்டினார். மூணும் நாலும் ஏழு, மூணை அவசரப்படுத்தாதே, அவ்வளவுதான் என்றார். வரிசை நகரும்வரை இருவரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூட்டாகப் பாடும்போது நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை அரங்கு முழுக்கக் குரல்தான். அந்த ஐந்தில் ஒன்றின் ராகமான வராளியை குரு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு; கேட்டுத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு மாமி, தன் பேத்தி வராளியை யூடியூபில் பிடித்ததாகப் பெருமையாகச் சொன்னார். சுற்றிப் பார்த்தால் பாடுகிறவர்களில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். தியாகராஜர் சமாதி இருக்கும் திருவையாற்றில் ஆராதனையில் பெண்களும் பாடுவதற்காக நூறு வருஷத்துக்கு முன் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது!

புதிதாகப் போகிறவர்களுக்கு: தேதி வருஷா வருஷம் மாறும், ஓட்டல் அறையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கனமான கோட்டு அவசியம். பிள்ளைகள் போட்டியில் இல்லாவிட்டாலும் காலையில் அந்த அறைகளில் போய் உட்காருங்கள். கைப்பேசியை மட்டும் அணைத்துவிடுங்கள், ஆலாபனைக்கு நடுவில் ஒரு ரிங்டோன் வந்து நாங்கள் பட்ட பாடு போதும்.