புதுப்பிப்பு: தோட்டத்து வீட்டுக்கு எந்த சிம்?

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு எந்தத் தனியார் சிம் எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மாறியாச்சுங்க.

அம்மாவிடம் இருப்பது பழைய 2ஜி பட்டன் போன். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அது முதலிலேயே கழிந்தது. மிச்சத்தில், கிணற்றடியிலும் பேச்சு அறுபடாத ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போனில் பேசிப் பார்த்தே எடுத்தோம். உங்கள் ஊரில் அது வேறாக இருக்கலாம், பெயர் எதற்கு?

பழைய எண்ணே தொடர்கிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற, 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும் குறியீடு நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்சும் மட்டும் உள்ள ரீசார்ஜ் பேக்கை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரிலேயே டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சொல்லிவிட்டது. கடைக்காரர் தானாகக் காட்ட மாட்டார், கேட்டு வாங்குங்கள்.