பழைய அலுவலகக் கணினியை விளையாட்டுக் கணினியாக்கிய அனுபவங்கள்: சிங்கப்பூரில் மூவர் தங்கள் வட்டாரப் பெயரில் எழுதியவை

ஈசூன்

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைக்க நினைப்பவர்கள் முதலில் பிராசசரைப் பற்றியும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும்தான் விசாரிக்கிறார்கள். பழைய பாகங்களைக் கொண்டு அமைக்கும்போது, பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைதான் மற்ற எல்லாவற்றுக்கும் எல்லை வகுக்கிறது என்பது என் அனுபவம்.

என் அக்காள் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். மானிட்டரும் விசைப்பலகையும் வீட்டில் இருப்பதால் 300 வெள்ளிக்கு மேல் ஒரு காசும் தர முடியாது என்று அக்காள் சொல்லிவிட்டார். கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் சதுக்கத்தில் புதிய பாகங்களின் விலையைக் கேட்டதுமே அது அந்தத் தொகைக்குள் அடங்காது என்று தெரிந்துவிட்டது. ஆகவே, நிறுவனங்கள் கழித்துவிடும் அலுவலகக் கணினிகளைக் கேரோசல் என்னும் இணையச் சந்தையில் தேடி, கோர் ஐ5-4590 பிராசசர் கொண்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 ஒன்றை வாங்கினோம். அதே மாடல் சிறிய பெட்டியிலும் வருகிறது, விலையும் குறைவு. ஆனால் அதற்குள் அரை உயரக் கார்டுகள் மட்டுமே நுழையும் என்பதாலும், அத்தகைய கார்டுகளை விற்பவர்கள் அதற்கென்றே கூடுதல் விலை வைப்பதாலும், முழு டவரையே தேர்ந்தெடுத்தோம்.

வரவேற்பறைத் தரையில் பழைய தமிழ் முரசு தாள்களை விரித்து, பக்கத் தகட்டின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தபோது, விசிறியின் இறகுகளில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பிராசசர்மேல் தடவியிருந்த பசை காய்ந்து, சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. குளிர்சாதனம் போடாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடுவதால், புதிய பசை தடவுவதை வேறு எந்தச் செலவுக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. நான்கு ராம் (தற்காலிக நினைவகம்) இடங்களில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி பலகை இருந்தது. இன்னொரு 8 ஜிபி பலகையைச் சேர்த்தபோது கொள்ளளவு கூடியதோடு, ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான இரண்டு தடங்களிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடியதால் விளையாட்டில் ஏற்பட்ட திணறலும் வெகுவாகக் குறைந்தது.

இனி பவர் சப்ளைக்கு வருகிறேன். இந்த டவரில் இருப்பது 290 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின்கம்பி அதில் கிடையாது. மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்போ வழக்கமான 24 முனை அன்று, டெல்லுக்கே உரிய 8 முனை. முந்தைய 7010 மாடலில் வழக்கமான 24 முனை இணைப்பு இருந்ததால் கடையில் கிடைக்கும் சப்ளையை அப்படியே மாட்ட முடியும். 9020இல் 24 முனையை அந்த 8 முனையாக்கும் ஒரு மாற்றுக் கம்பி வேண்டும். அந்தச் செலவுக்கு இடமில்லை என்றால் மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ துளை தரும் 75 வாட்டுக்குள் இயங்கும் கார்டு ஒன்றுதான் வழி. 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றில் தனி மின் இணைப்பு இல்லாத வகைகள் உண்டு. நாங்கள் முன்னதை எடுத்தோம். டோட்டா 2, ராக்கெட் லீக் இரண்டும் 1080பி தெளிவில் தடையின்றி ஓடுகின்றன. அண்மைக் காலத்துப் பெரிய விளையாட்டுகளை 4 ஜிபி நினைவகம் கொண்ட கார்டிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

"மாமா, சாட்டா கம்பியைக் கார்டுக்கான 8 முனையாக மாற்றும் அடாப்டர் மூன்று வெள்ளிதான், அதை வாங்கினால் பெரிய கார்டே போடலாமே" என்று மருமகன் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன்: வட்டுகளுக்கான ஒரு சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், முனைக்கு ஒன்றரை ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட்தான். 8 முனை இணைப்பிலிருந்து கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். இரண்டு சாட்டாக்களைச் சேர்த்தாலும் 108 வாட்டுக்கு மேல் போகாது. அந்த அடாப்டர்கள் உருகிய படங்களை அவனே இணையத்தில் தேடிப் பார்த்தான். பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

சுவா சூ காங்

மேலே எழுதிய அண்ணனின் கருத்தை ஏற்கிறேன், ஆனால் நான் சென்ற வழி வேறு. அலுவலகப் பெட்டியே வேண்டாம் என்று முடிவுசெய்து, 550 வாட் பவர் சப்ளையைப் புதிதாக வாங்கி, மற்ற எல்லாவற்றையும் பயன்படுத்திய பொருள்களாகச் சேர்த்தேன். ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 580 கார்டு. இந்த மதர்போர்டில் பயாஸ் என்னும் தொடக்க மென்பொருளைப் புதுப்பித்தால் பின்னாளில் ரைசன் 5 5600ஐயும் பொருத்தலாம் என்பது கூடுதல் வசதி.

கார்டு வாங்குவதில்தான் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்னிலக்க நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு, இரவு பகலாக மைனிங்கில், அதாவது அந்த நாணயத்தை ஈட்டும் கணக்கீட்டில், ஓடிய கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. ஒருவர் எனக்கு ஆர்எக்ஸ் 580 என்று சொல்லிக் கொடுக்க வந்தது, பெயரின் பின்னால் 2048எஸ்பி என்று சேர்த்துச் சீனச் சந்தைக்காக வந்த வகை. உண்மையான 580இல் கணிப்புக் கருக்கள் 2304. இதில் 2048தான், அதாவது ஆர்எக்ஸ் 570க்குச் சமம். ஜிபியு-இசட் என்னும் சிறிய செயலியைத் திறந்தால் அந்த எண்ணிக்கை நேராகத் தெரியும். எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நுழைகதவருகே குமிழித்தாளில் சுற்றிய கார்டை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தால் இதையெல்லாம் பார்க்க வழியில்லை. ஆகையால், விற்பவரின் வீட்டில் கணினியில் பொருத்தி, கால் மணி நேரமாவது ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். சில கார்டுகளில் இரண்டு பயாஸ்களுக்கு இடையே மாற்றும் சிறு விசை இருக்கும். மைனிங்கிற்காக ஒன்றை மாற்றி எழுதியிருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கும்.

இன்னொன்று. 2012 செப்டம்பர் முதல் இங்கு நடப்பிலுள்ள, குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டப் பாதுகாப்பு, பயன்படுத்திய பொருள்களுக்கும் பொருந்தும் என்றாலும், விற்பவர் வணிகராக இருக்க வேண்டும். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்பதில் அது செல்லாது. கடையில் பத்து இருபது வெள்ளி கூடக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பொங்கோல்

நிறுவனமொன்றில் பழைய கணினிகளைக் கணக்கெடுத்து ஒப்படைக்கும் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். தரவுப் பாதுகாப்புக்காக வட்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் இயந்திரங்களை வெளியே அனுப்புகிறோம். ஆகவே விளம்பரத்தில் வட்டு இல்லை என்றிருந்தால் சந்தேகப்பட வேண்டாம், எஸ்எஸ்டி வட்டு ஒன்றை உங்கள் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது பயாஸ் கடவுச்சொல். அதை நீக்க மறந்து அனுப்பிய இயந்திரங்களும் சந்தைக்குப் போய்விடுகின்றன. விற்பவர் முன்னிலையிலேயே டெல் என்றால் எஃப்2 விசையை அழுத்தி உள்ளே சென்று, ஓர் அமைப்பையாவது மாற்றிச் சேமித்துப் பாருங்கள்.

என் மகனுக்கு நான் வாங்கியது 2018இல் வந்த ஐ5-8500 பிராசசர் கொண்ட டவர். 9020ஐவிட விலை கூடுதல்தான். ஆனால் ஆறு கருக்கள் உள்ளன, விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி உள்ளது. அவன் விளையாடுவது வேலரண்ட். விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 இல்லாமல் அது திறக்கவே திறக்காது. பிள்ளை எந்த விளையாட்டுக்காகக் கேட்கிறான் என்று விசாரிக்காமல் பெட்டியை வாங்குவது வீண்செலவு.

ஈசூன்

பொங்கோல் அக்கா சொன்ன விண்டோஸ் பிரச்சினை எங்கள் பெட்டிக்கு உண்டு, விண்டோஸ் 11ஐ அது முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. 1050 டிஐக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிடுவதையும் அதன் தயாரிப்பாளரான என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே அடுத்த விடுமுறையில் ஐ5-8500 டவர் ஒன்றை நானும் பார்க்கப்போகிறேன். எஸ்எஸ்டியையும் கார்டையும் அதற்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ராம் மட்டும் பயன்படாது, 9020இல் இருப்பது டிடிஆர்3, அதற்கு வேண்டியது டிடிஆர்4; இந்த இரண்டு 8 ஜிபி பலகைகளும் யாருக்கேனும் தேவைப்பட்டால் சொல்லுங்கள்.